குன்சுமுக்கு இந்தப் பக்கம்

ஜனவரியில் ஸ்பிதியின் காஜாவில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். குடும்பம் முழுக்க ஒரே அறைக்குள் ஒடுங்கும். நடுவில் தந்தூர் என்கிற இரும்பு அடுப்பு, அதன்மேல் எந்நேரமும் ஒரு கெட்டில். சமையல், பிள்ளைகளின் பாடம், விருந்தாளி, தூக்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான். கதவைத் திறந்தால் “ஜுலே, மாஸ்டர்ஜி” என்று சொல்லி நகர்ந்து இடம் விடுவார்கள். ஸ்பிதியை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் மனசு தேடுவது அந்த அறையைத்தான். மலை, படங்களில் தாராளமாகக் கிடைக்கிறது.

லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம் ஏறத்தாழ 13,800 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 31,564 பேர். தலைநகரம் கேலாங், குன்சும் கணவாய்க்கு அந்தப் பக்கம், லாஹௌலில். 4,500 மீட்டருக்கு மேலே உள்ள அந்தக் கணவாயைப் பனி மூடிவிட்டால், சொந்த மாவட்டத் தலைநகருக்கே கின்னௌர், சிம்லா என்று ஊர் சுற்றித்தான் போகவேண்டும். ஒரே மாவட்டம் என்பதெல்லாம் வரைபடத்தோடு சரி.

மழை அநேகமாகக் கிடையாது. பனி உருகி வரும் நீரை ‘கூல்’ என்னும் வாய்க்காலில் திருப்பி, முறைவைத்து வயலுக்கு விடுவார்கள். பார்லி, பட்டாணி. பச்சைப் பட்டாணி லாரி ஏறத் தொடங்கிய பிறகுதான் கையில் காசு புழங்கியது. பழைய வழக்கப்படி, மூத்த மகன் குடும்பஸ்தன் ஆனதும் பெற்றோர் ‘காங்சேன்’ என்ற பெரிய வீட்டையும் நிலத்தையும் அவனிடம் விட்டுவிட்டு, ‘காங்சுங்’ என்ற சின்ன வீட்டுக்குப் போவார்கள். தம்பிமார் பலர் கீ, டாபோ போன்ற மடங்களுக்கு. தம்பிமாருக்கு இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நிலம் துண்டு துண்டாகாமல் பிழைத்தது இதனால்தான். பெரிய வீட்டைவிட எனக்குச் சின்ன வீடுகளே பிடிக்கும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரோடு கதை அங்கேதான் நீளும்.

2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து லாஹௌலுக்குக் குளிர்காலத்திலும் வழி உண்டு. ஹெலிகாப்டருக்காக நோயாளியோடு காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். என் ஏக்கத்துக்காக அதைக் குறை சொல்லமாட்டேன். ஸ்பிதிக்கும் கோடையில் கூட்டம் குவிகிறது. குறை சொல்ல வேண்டியது விடுதிகளின் ஃப்ளஷ் கழிப்பறைகளைத்தான். ஊர்க்காரர்களுடைய உலர் கழிப்பறையில் சாம்பலும் மண்ணும் போட்டு மூடி, வசந்தத்தில் வயலுக்கு எருவாக அள்ளுவார்கள். அந்தப் பட்டாணிக்குச் சாரம் அதுதான். போகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.