கத்திக்கு எத்தனை அலகு?

பண்ருட்டிப் பலாவைப் போலக் கத்தியைக் கறாராகச் சோதிக்க வேறு ஆள் கிடையாது. எந்த ஊர் மல்டிடூலானாலும் ஒரு பழம் அறுத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். பால் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து இறுகிக்கொள்ளும். அப்புறம் கத்தரிக்கோல் விரியாது, ரம்பம் வெளியே வராது. கடலூர்ச் சாலையோரத்தில் சுளை விற்கும் அம்மாளிடம் இருப்பதோ மரப்பிடி போட்ட ஒரே அலகு. எண்ணெய் தடவுகிறார், அறுக்கிறார், துணியால் துடைக்கிறார். வேலை முடிந்தது.

மடக்குக் கத்தி சேர்ப்பது எனக்குப் பழைய பித்து. வீட்டுக்கு வருகிறவர்கள் என் மேசை இழுப்பறையைப் பார்த்ததும், "இதுல எத்தனை ஐட்டம் சார் இருக்கு?" என்பார்கள். எரிச்சலாக வரும். ஆனால் இந்த எண்ணிக்கைப் பைத்தியத்தை வளர்த்துவிட்டவர்களே கத்திக்காரர்கள்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1822இல், ஆண்டுக்கு ஒன்று என்று 1,822 அலகு வைத்து ஒரு கத்தி செய்தது. 1851 லண்டன் பொருட்காட்சிக்கு 75 அலகோடு இன்னொன்று. இரண்டாலும் யாரும் ஒரு மாங்காய்கூட நறுக்கியிருக்க மாட்டார்கள்.

சுவிஸ் ராணுவத்துக்கு 1891இல் கார்ல் எல்செனர் கொடுத்த கத்தி அந்த ரகமில்லை. அலகு, துளையூசி, டப்பாத் திறப்பான், திருப்புளி என்று நான்கே உறுப்பு. சிப்பாய் தன் துப்பாக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும், அதனால் திருப்புளி. 1897இல் அதிகாரிகளுக்கென்று வந்த மாதிரியில் கார்க் திருகியும் சேர்ந்துகொண்டது. என்னிடமுள்ள கார்க் திருகி இதுவரை கண்டது மூட்டை முடிச்சுகளைத்தான். அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975இல் ஐரோப்பாவில் ஒரு பழைய காரில் சுற்றியபோது, கத்தி இருந்தும் குறடு இல்லாமல் திண்டாடினார். 1983இல் விற்பனைக்கு வந்த அவருடைய கருவியில் குறடுதான் நடுநாயகம். தேவையில் பிறந்த பொருள், மதிக்கிறேன்.

தேவை என்று பார்த்தால் நம் மடக்கெழுத்தாணியையும் சொல்ல வேண்டும். ஓலையை வாரிச் செம்மை செய்யக் கத்தி, எழுத ஊசிமுனை, இரண்டும் மடங்கிப் பிடிக்குள் அடங்கும். இரண்டுக்கும் தினப்படி வேலை உண்டு. 1924இல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்த உ.வே.சாமிநாதையர், தம் ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் கத்திக்கடைப் பட்டியல் படிக்கிற சுகத்தோடு படிப்பேன். மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல, தில்லைக் கூத்தனே அந்தணராக வந்து திருவாசகத்தை ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் இட்டார் என்பது ஐதீகம். அன்று அவர் மடியில் இருந்தது கத்தி இல்லாத குண்டெழுத்தாணியா, மடக்கெழுத்தாணியா? வெளியூர்க்காரர் போல வந்தவர் ஓலை வாரத் தனிக் கத்தி இரவல் கேட்டிருக்க முடியாது. மடக்கெழுத்தாணிதான் என்பது என் கட்சி.

என் இழுப்பறையில் முதல் மரியாதை தாத்தாவின் ராட்ஜர்ஸ் பேனாக்கத்திக்கு. மான்கொம்புப் பிடி, ஒற்றை அலகு. மாங்காய் அறுத்தால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருவேறும். ஆனால் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பதம் வந்துவிடும். ஷெஃபீல்டு எஃகுக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று தேடிப் போனால், அந்த வழி பரங்கிப்பேட்டையில் கொண்டுவந்து விடுகிறது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கடலோரமாக இருக்கும் அந்த ஊரில், 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியில் பார்த்த உத்தியோகத்தை இதற்காகவே உதறியவர். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது, உலைக்கு மரக்கரி. இரும்பு கப்பலேறி இங்கிலாந்துவரை போயிற்று. லாபம் மட்டும் வரவில்லை.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அதுவரை நல்ல எஃகுக்கு விலை உயர்ந்த சுவீடன் இரும்பு வேண்டியிருந்தது. இனி மலிவான உள்ளூர் இரும்பே போதும் என்றாயிற்று. ஷெஃபீல்டுக்கு யோகம் அடித்தது. மனிதர் அதோடு நின்றிருக்கலாம். காப்புரிமையில் எழுதிய மாங்கனீஸ் கார்புரெட்டைத் தனியாகத் தயாரிக்கவே வேண்டாம், மாங்கனீஸ் ஆக்சைடையும் தாரையும் நேரே மூசையில் போட்டாலே போதும் என்ற சுருக்குவழியையும் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய ஏஜென்டாக இருந்த அன்வின் அதைப் பிடித்துக்கொண்டார். காப்புரிமையில் இருக்கும் பொருள் வேறு, தான் போடும் பொருள் வேறு, ஆகவே காசு தர வேண்டியதில்லை என்பது அவர் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் ஹீத் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு மனிதனை ஓட்டாண்டியாக்கிய அந்த மாங்கனீஸ் கத்தியில் கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டு எண்ணவும் முடியாது. ஆகவே கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். எத்தனை அலகு என்று கேட்காதீர்கள், என்ன எஃகு என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.