பேர்ண் நகரத்துச் சிலையும் எம் வீட்டுப் படலையும்

சென்ற விடுமுறையிலே சுவிற்சர்லாந்தில் வாழும் உறவினர் இல்லத்திற் சில நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்நாட்டு அரசின் இருப்பிடமாகிய பேர்ண், ஆரே நதியின் வளைவில் அமைந்த பழம்பதி. பாராளுமன்ற மாளிகைக்கு அணித்தாக ஒரு பூங்கா உண்டு. அங்குள்ள வெண்கலச் சிற்பமொன்று நம்மை நெடுநேரம் நிற்க வைத்தது.

பெரியதோர் உலக உருண்டை. அதனைச் சுற்றி மிதந்து செல்லும் ஐந்து உருவங்கள். கண்டங்களைக் குறிக்கும் அவை, கடிதங்களைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 1909 இல் திறந்து வைக்கப்பெற்ற இச்சின்னம், உலகத் தபாற் சங்கம் தோன்றியதை நினைவூட்டுவது.

முற்காலத்தில் ஒரு கடிதம் பல நாடுகளைக் கடப்பதாயின், அவ்வந்நாட்டு ஒப்பந்தப்படி வெவ்வேறு கட்டணம் இறுக்க வேண்டியிருந்தது. 1874 ஒக்டோபர் 9 ஆந் திகதி 22 நாடுகள் இந்நகரிற் கூடி, தபாலைப் பொறுத்தவரை யாவரும் ஒரே பிரதேசத்தவர் என உடன்பட்டன. அனுப்பும் நாட்டின் முத்திரையை ஏனைய நாடுகள் ஏற்கும். முத்திரைப் பணம் அனுப்பிய நாட்டுக்கே உரியது. கடிதம் போனால் மறுமொழி வரும், கணக்குச் சரியாகும் என்பதே அவர்தம் நம்பிக்கை. இன்று அச்சங்கத்தில் 192 நாடுகள் உள்ளன.

சிலையின் முன் நின்றபோது மாணவர் ஒருவர் முன்பு வகுப்பிலே கேட்ட வினா நினைவுக்கு வந்தது. சர்வதேச ஒத்துழைப்பு என்கிறீர்களே, அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தது என்ன என்றார் அவர். அன்று நாம் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் உறுப்புக்களை வரிசையாகச் சொன்னோம். அவர் முகம் தெளியவில்லை. கடல் கடந்த பிள்ளையின் கடிதத்துக்காகப் படலையடியிற் காத்திருந்த நம்மூர்த் தாய்மாரை அன்று நாம் நினைத்திருக்க வேண்டும்.

இவ்வொழுங்கு தானாக நிலைப்பதன்று. வெளிநாட்டுச் சிறுபொதிகளை விநியோகிக்கக் கிடைக்கும் தொகை போதாதென்று 2018 இல் அமெரிக்கா விலகப்போவதாக அறிவித்தது. 2019 செத்தெம்பரில் ஜெனீவாவிற் கூடிய நாடுகள் பேசி ஓர் இணக்கம் கண்டன. அமெரிக்காவும் விலகாது நின்றது. அன்று அறுந்திருக்கக்கூடியது எது என்பதைப் பொதுமக்களிற் பலர் அறிந்திலர். அறியாத ஒன்றை ஆதரிப்பார் யார்? மக்கள் ஆதரவு மேடைப் பேச்சால் மட்டும் வளர்வதன்று. கையிலுள்ள பொருளைக் காட்டி விளக்கினால் வளரும்.

அன்று மாலை நம் வகுப்புக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினோம். நாம் ஊர் திரும்பிய பின்னரே அது கல்லூரியை வந்தடைந்தது. மாணவர் சிரித்தனர். அதில் இருந்தது சுவிஸ் முத்திரை ஒன்றே; இங்கே ஒரு சதமும் கேட்பாரில்லை. வினாத்தொடுத்த மாணவரிடமே அதனைக் கொடுத்தோம். அவர் முத்திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் 9 உலகத் தபால் தினம். அன்று பெற்றோர் வீட்டிலுள்ள பழைய வெளிநாட்டுக் கடிதமொன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அது வந்த வழியைச் சொல்வாராக.