மாமன் நிற்க வேண்டிய இடம்

நண்பன் கல்யாணத்துக்காகப் பாலி போனேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். பாலி பார்க்கப் போனேன். கல்யாணம் அதற்கு வாய்த்த சாக்கு.

நண்பன் குப்பனூர்க்காரன். சிட்னியில் வேலை. இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பாலியில் ஆவணி முகூர்த்தம் வைத்தார்கள். பத்திரிகை வந்ததும் நான் முகூர்த்த நேரத்தைப் பார்க்கவில்லை. பெங்களூரிலிருந்து நேர் விமானம் உண்டா என்று பார்த்தேன். 2024 மார்ச் முதல் உண்டு. உபுதில் சில நாள், பத்தூர் எரிமலையில் சூரிய உதயம், நூசா பெனிடா தீவு. கல்யாணத்தைக் கடைசியில் செருகினேன். பத்தூரின் உயரம் 1,717 மீட்டர். எங்கள் ஊரில் தினமும் அண்ணாந்து பார்க்கும் சேர்வராயன் மலை அதைவிடச் சுமார் நூறு மீட்டர்தான் குறைவு. அதன் உச்சியில் நான் ஒருநாளும் விடியலைப் பார்த்ததில்லை.

நண்பன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மாமாவ நீ கூட்டிட்டு வந்துருடா."

அவனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தார். மரவள்ளிக் காடு வைத்திருக்கிறார். விமானம் ஏறியதில்லை. மகன் சிங்கப்பூர் போனபோது எடுத்த பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அதை வாங்கிப் படம் எடுத்து டிக்கெட் போட்டேன். காலாவதித் தேதி கண்ணில் பட்டது. பயண நாளிலிருந்து நான்கு மாதம்தான் இருந்தது. இந்தோனேசியாவுக்குள் நுழைய ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். என் பாஸ்போர்ட்டில் அதைச் சரிபார்த்திருந்தேன். அவருடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தத்காலில் புதுப்பிக்க நேரம் இருந்தது. அன்று நான் ஓட்டல் தேடிக்கொண்டிருந்தேன்.

அவரோடு ஒரே விமானத்தில் போனால் உபுதை விட வேண்டும். அதனால் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். "கவுண்டர்ல காட்டுங்க மாமா, அவங்களே ஏத்தி விட்டுருவாங்க."

ஏற்றவில்லை. காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் என்னைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். பாலி நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். எரிமலை ஏற நள்ளிரவு தாண்டியதும் எழ வேண்டுமென்று போனைச் சத்தமில்லாமல் வைத்துத் தூங்கிவிட்டேன். உச்சியில் படம் பிடிக்க எடுத்தபோதுதான் அழைப்புகளைப் பார்த்தேன். முதலில் படம் எடுத்தேன். பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன். இரவெல்லாம் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "நான் சேலம் பஸ் புடிச்சுக்கறேன் கண்ணு. நீ பத்தரமா இரு" என்றார்.

நண்பன் கேட்டபோது பயந்தேன். "மாமா ஏதோ பழைய பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்துட்டாரு போல" என்றேன். அவன் அம்மா தம்பியைத் திட்டிக்கொண்டே அழுதார். மணவறையில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அவருக்கு எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

வெளிநாட்டுக் கல்யாணம் என்கிற வழக்கத்தின் மேல் பழியைப் போடலாம். 2023 நவம்பரில் பிரதமரே 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் அதைக் குறைபட்டுப் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நான் ஒளிய முடியாது. ஏற்காட்டில் நடந்த கல்யாணமாக இருந்தாலும் அதை ஒட்டி எனக்கென்று ஒரு சுற்றுலாவைப் போட்டிருப்பேன்.

டீக்கடையில் இன்றும் மாமாவிடம் பாலி எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். மருமகனுக்கு வாங்கிய மோதிரம் அவர் பீரோவிலேயே இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்" என்றார். அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கல்யாண வூட்டுல எதுக்குச் சண்ட?"

நண்பனுக்கு இன்னும் தெரியாது. இது அச்சில் வந்ததும் தெரிந்துவிடும். அதற்கு முன் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.