தந்தையாரின் மிதிவண்டி

1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஆலை அமைத்த அம்பத்தூரை அடுத்துள்ளது எங்கள் கள்ளிக்குப்பம். மறைந்த தந்தையாரின் ஹெர்குலிஸ் மிதிவண்டியையும் பிள்ளைகளின் இரு வண்டிகளையும் விடுமுறைக்கு நெல்லைக்குக் காரிலேயே கொண்டுசெல்ல விரும்பினோம்.

காரின் பின்கதவில் மாட்டும் தாங்கி மலிவு; ஏற்றுவதும் எளிது. ஆனால் எண் பலகையும் பின்விளக்குகளும் மறைந்துவிடும். இரவில் பின்னால் வரும் லாரிக்காரர் எதைக் கண்டு வேகத்தைக் குறைப்பார்?

கூரைத் தாங்கியே தக்கது என்றேன். கையேட்டைப் புரட்டினால், எங்கள் காரின் கூரைக்கு 50 கிலோதான் வரம்பு, தாங்கியின் எடையையும் சேர்த்து! தந்தையாரின் இரும்பு வண்டியோ தனியே 20 கிலோவைத் தாண்டியது.

"மாமாவின் வண்டியையா விட்டுச்செல்வது?" என்று கலங்கினார் என் துணைவியார்.

அதை எழும்பூரிலிருந்து தொடர்வண்டியில் பார்சலாக அனுப்பினோம். பிள்ளைகளின் வண்டிகள் கூரையேறின.