லூதரின் மறுபக்கம்

மார்ட்டின் லூதர் என்றால் நமக்கொரு மயக்கம் உண்டு. 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு வாணிபத்தைச் சாடி 95 கருத்துரைகள் தந்தவர். 1520-இல் போப்பின் ஆணையைத் தீக்கிரையாக்கியவர்! மேடைதோறும் புகழ்ந்தோம், கையொலியும் பெற்றோம். 1543-இல் அவர் தீட்டிய ‘யூதர்களும் அவர்தம் பொய்களும்’ என்ற நூலைப் படித்த இரவில்தான் நம் நா அடங்கிற்று.

யூதரின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்துக, வீடுகளைத் தகர்த்திடுக, மறைநூல்களைப் பறித்திடுக, உரிய காப்பின்றி அவர்கள் சாலையில் செல்லட்டும், ஆட்சியாளர்க்கு அவர் தந்த அறிவுரைகள் இவை. யார் கூறுகிறார்? ஏசுவும் யூதராய்ப் பிறந்தவரே, அவர்களிடம் அன்பு காட்டுவீர் என்று 1523-இல் எழுதினாரே, அதே லூதர்! அன்புக்கு அவர் குறித்த விலை மதமாற்றம். யூதர் மாறினாரில்லை; அன்பு நஞ்சாயிற்று.

1938 நவம்பர் 9, 10 நாட்களில் ஜெர்மனியெங்கும் நாஜிகள் தொழுகைக் கூடங்களை எரித்தனர். பத்தாம் நாள் லூதரின் பிறந்த நாள்! அப்பொருத்தத்தைச் சுட்டி மகிழ்ந்து, லூதரின் யூதப் பகைமொழிகளைத் தொகுத்துச் சிறுநூல் வெளியிட்டார் மார்ட்டின் சாசே எனும் பிஷப்.

இட்லரின் கொலைக்களங்களுக்கு லூதர் ஒருவரே பொறுப்பென்று கூறோம். அவர் பகைத்தது சமயத்தை. நாஜிகள் பகைத்தது குருதியை. ஆயினும் 1946-இல் நியூரம்பர்க் வழக்குமன்றத்தில், யூதப்பகை ஏடு நடத்திய ஸ்ட்ரைக்கர், இன்றிருந்தால் தன்னிடத்தில் லூதரே நின்றிருப்பார் என்றான். அமெரிக்க லூதரன் திருச்சபையொன்று 1994-இல்தான் அந்நூலின் வசைகளை வெளிப்படையாகத் தள்ளிற்று.

நமது சொற்பொழிவுக் குறிப்பேட்டில் 1517-க்குக் கீழே 1543 என்று எழுதினோம். கையொலி கிடைத்த பழைய வரிகள் சிலவற்றை அடித்துவிட்டோம்.