பயிற்சி என்ற சொல்

“அம்மா, நான் பயிற்சிக்குப் போகப்போறன்.”

மகள் இதைச் சொன்னபோது நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னது கராத்தே வகுப்பை. ஆனால் என் காதில் விழுந்தது வேறு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில், பயிற்சி என்ற சொல்லைக் கேட்டு நெஞ்சு பதறாத தாய் எத்தனை பேர்? என் தங்கை 16 வயதில் பயிற்சிக்கென்று கொண்டுபோகப்பட்டவள். அது 2003ஆம் ஆண்டு. மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்தவளை வழியில் மறித்தார்கள். சைக்கிள் மாத்திரம் வீட்டுக்கு வந்தது. அம்மா தான் சாகும்வரை அந்தச் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

ஆகவே மகளிடம், “வேணாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

அவள் விடவில்லை. அது 2012ஆம் ஆண்டின் தொடக்கம். அதற்கு முந்தைய ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் கிறீஸ் பூதம் என்ற பயம் ஊர் ஊராகப் பரவியிருந்தது. உடம்பில் கிறீஸ் பூசிய ஆண்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற செய்தி தமிழ்க் கிராமங்களையும் முஸ்லிம் கிராமங்களையும் ஒன்றுபோல உலுக்கியது. ஆண் துணையில்லாத நாங்கள் ஐந்து வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் படுத்தோம். தலைமாட்டில் உலக்கையும் மிளகாய்த்தூளும் இருந்தன. அந்த இரவுகளை நினைவுபடுத்தித்தான் மகள் கேட்டாள்: “உலக்கையை எந்த நாளும் கையில கொண்டு திரியலாமா அம்மா?”

எனக்குப் பதில் வரவில்லை. “சரி, நானும் கூட வருவன்” என்றேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் பலநோக்குக் கட்டடத்தில் வகுப்பு நடந்தது. கற்பித்தவர் நகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். கறுப்புப் பட்டி கட்டியவர். நான் வாசலிலேயே நின்றேன். யாராவது வாகனத்தில் வந்து பிள்ளைகளை ஏற்றிவிடுவார்களோ என்று பழைய பயம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்தார். “அக்கா, காவல் இருக்கிறதெண்டா உள்ள வந்து கதிரையில இருங்க. பழகிறதெண்டா வரிசையில நில்லுங்க. வாசலில நிக்க வேணாம்.”

மூன்றாவது வாரம் மகளின் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு அப்போது 36 வயது.

முதலில் நிற்கப் பழக்கினார். முன்காலை மடித்து, பின்காலை நீட்டி, இரண்டு குதியும் நிலத்தில் ஊன்ற வேண்டும். பிறகு குத்து. ‘இச்சி, நி, சன், ஷி’ என்று ஜப்பானிய மொழியில் எண்ண எண்ண, ஒரே குத்தை வலமும் இடமுமாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். “பலம் தோளில இருந்து வாறதில்ல, இடுப்பில இருந்து வருது” என்றார். அது எனக்கு உடனே விளங்கிற்று. உலக்கை போடுகிறவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மணிக்கட்டை ஒருவர் இறுக்கிப் பிடித்தால் எப்படிக் கழற்றுவது என்றும் காட்டினார். பிடியில் பலம் குறைந்த இடம் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்த பிறகு நின்று சண்டை பிடிக்கக் கூடாது, ஓட வேண்டும்.

இவையெல்லாம் வந்தன. வராதது ஒன்றுதான். சத்தம்.

கடைசிக் குத்தோடு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும். அதைக் ‘கியாய்’ என்கிறார்கள். சிறுமிகள் கட்டடமே அதிரக் கத்துவார்கள். வளர்ந்த பெண்களாகிய எங்களுக்கு வாய் திறக்கும், குரல் வராது. 1990இல் எனக்கு 14 வயது. சுற்றிவளைப்பு நேரங்களில் கண்டல் பற்றைகளுக்குள் ஒளிந்திருக்கும்போது அம்மா தன் கையால் என் வாயைப் பொத்திக்கொள்வார். அந்தக் கையின் உப்பு இன்றும் என் உதட்டில் இருக்கிறது. சத்தம் போடாமல் இருந்துதான் நாங்கள் உயிர் தப்பினோம். பிறகு வீட்டிலும் அதுவே பழக்கமாயிற்று. அடி வாங்கும்போதும் அயலுக்குக் கேட்கக் கூடாது என்று எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்போம்?

ஆசிரியை எங்களை அவசரப்படுத்தவில்லை. “பயந்தால் மூச்சை அடக்குவம். மூச்சை அடக்கினால் உடம்பு மரமாகும். கத்தினால் மூச்சு வெளியில போகும், வயிறு இறுகும், கால் அசையும்” என்று மாத்திரம் சொன்னார். இரண்டு மாதமளவில் ஒருநாள் அது வந்தது. எனக்கே தெரியாத ஒரு குரல். வேலியோரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நெடுநேரம் அழுதேன்.

ஊரில் கதை வராமல் இருக்குமா? “என்னகா, சண்டை முடிஞ்சும் உங்களுக்கு இன்னும் சண்டையோ?” என்று கேட்டார்கள். ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவைப் பற்றிச் சொன்னார். அங்கு பிறந்த பள்ளிக்கூட ஆசிரியர் கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் அதைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார். முதல் அடியை நாம் அடிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த நெறிகளில் ஒன்று. கராத்தே என்றால் வெறுங்கை என்று பொருள். அந்தத் தீவும் 1945இல் போரால் அழிந்து எழுந்த மண்தான்.

பெண்கள் பழகுவது புதிதுமல்ல. 1913இல் இலண்டனில், வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு எடித் கரூட் என்ற பெண் ஜுஜுட்சு பழக்கினார். அவருடைய உயரம் 5 அடிக்கும் குறைவு. கேரளத்து வடகரையில் மீனாட்சி அம்மா 7 வயதில் களரி பழகத் தொடங்கி, முதுமையிலும் கற்பித்து, 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எங்கள் கிழக்கிலும் சீனடியும் சிலம்பமும் இருக்கின்றன. நாங்கள் சிறுவயதில் அவற்றை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் என் பயத்தைப் போக்கியது இந்த வரலாறல்ல. ஒரு குத்து.

இருவர் எதிரெதிரே நின்று பழகும் நாள் வந்தது. ஒருவர் முகத்துக்குக் குத்த வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். என் முன்னால் மகளை நிறுத்தினார்கள். குத்து வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மீண்டும் வந்தது, மீண்டும் மூடினேன். “அம்மா, கண்ணைத் திறங்க. நான் உங்களுக்கு அடிக்க மாட்டன்” என்றாள். மூன்றாவது முறை திறந்தபடி நின்றேன். தடுக்க மறந்துவிட்டேன். அவள் கைமுட்டி என் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது, அசையாமல்.

“பார்த்தீங்களா?” என்றார் ஆசிரியை. “வேகமா அடிக்கிறது லேசு. தொடாமல் நிறுத்தத்தான் வருசக்கணக்கில பழக வேணும்.”

தங்கையை நினைத்தேன். அவளுக்குக் கிடைத்த பயிற்சியில் நிறுத்துவதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். திரும்பி வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைகளோ வணங்கித் தொடங்கி, வணங்கி முடித்து, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அந்தச் சைக்கிளுக்குப் புது டயர் போட்டு மகளிடம் கொடுத்தேன்.

கராத்தே பழகினால் எல்லாத் துன்பமும் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களில் பலருக்கு அடி விழுவது தெருவில் அல்ல, வீட்டுக்குள். அதற்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை வழங்கப்படலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முழங்கால் நோவால் நான் மஞ்சள் பட்டியோடு நின்றுவிட்டேன். மகள் மண்ணிறப் பட்டிவரை போனாள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அவளே எண்ணிக் கொடுக்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் மகள் இப்படி ஒரு வகுப்புக்குப் போகக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். கூடப் போங்கள். வாசலில் நிற்காமல் உள்ளே போங்கள். குரல் உடனே வராது. வரும்வரை வரிசையில் நில்லுங்கள்.