போடிமெட்டு அடைபட்டால்..?

மழைக்காலம் வந்தால் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஒரு கவலை உண்டு. போடிமெட்டு மலைச்சாலையில் பாறை உருண்டு விழுந்தால், ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் முந்தலிலேயே நின்றுவிடும். அவசரம் என்றால் கம்பம் போய், கம்பம்மெட்டு வழியாக ஏற வேண்டும். சுற்றுதான், ஆனாலும் வழி இருக்கிறது.

தோட்டத்தில் விளையும் ஏலக்காய்க்கு இன்று இன்னொரு பாதையும் உண்டு. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிறது. 2021-ல் கிளவுட் முறை வந்தபிறகு, ஒரு மையத்தில் நடக்கும் ஏலத்துக்கு மற்ற மையத்தில் இருந்தபடியே விலை கேட்கலாம். வியாபாரிகள் சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பக்கத்து இணைப்பு அறுந்தால் போட்டி குறையும். போட்டி குறைந்தால் அடி விழுவது, பனியிலும் மழையிலும் பாடுபட்ட விவசாயிக்கு.

இப்படி நொடிகளில் பணம் கைமாறும் இடங்களில் ஒரு ரூட்டரை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு வைப்பார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே முகவரி. கம்ப்யூட்டர்களுக்குத் தெரிந்தது அந்த முகவரி மட்டும்தான். எந்த ரூட்டர் வேலை செய்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இதற்கான பொதுவிதியின் பெயர் வி.ஆர்.ஆர்.பி. பொறுப்பில் இருக்கும் ரூட்டர் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை, “நான் இருக்கிறேன்” என்று குரல் கொடுக்கும். மாற்று ரூட்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூன்று நொடிக்குச் சற்று மேலாகவும் குரல் வரவில்லையென்றால், பொதுமுகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

சரி, யாரோ ஒருவர் ஒரு போலி ரூட்டரைச் செருகி, “நான்தான் தலைவன்” என்று குரல் கொடுத்தால்? 1998-ல் வந்த முதல் விதியில் இதற்குப் பாஸ்வேர்ட் வசதி இருந்தது. 2004-ல் திருத்தி எழுதியபோது அதை எடுத்தே விட்டார்கள்!

காரணம் சுவாரஸ்யமானது. இரண்டு ரூட்டர்களிலும் பாஸ்வேர்ட் ஓர் எழுத்து மாறிப்போனது என்று வைத்துக்கொள்வோம். தலைவனின் குரலை மாற்று ரூட்டர் நம்பாது. ‘தலைவன் போய்விட்டான்’ என்று தானும் பதவி ஏற்றுக்கொள்ளும். ஒரே முகவரிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள், நெட்வொர்க் குழம்பிப்போகும். காவலுக்குப் போட்ட பூட்டே கலகத்துக்கு வழி. போதாக்குறைக்கு, உள்ளே நுழைந்துவிட்ட திருடனுக்கு வேறு குறுக்குவழிகளும் இருந்தன.

அதனால் காவல் வாசலுக்கு மாறியது. ரூட்டர் இருக்கும் அறையைப் பூட்டி வைப்பது, பயன்படாத சுவிட்ச் துளைகளை முடக்குவது, பயனாளர் பக்கத்திலிருந்து வரும் ‘நான்தான் தலைவன்’ குரலைத் தடுப்பது என்று கவனம் அங்கே போனது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரூட்டர் நன்றாகவே இருக்கும், “இருக்கிறேன்” என்று குரலும் கொடுக்கும். ஆனால் அதற்கு அப்பால் கேபிள் அறுந்து கிடக்கும். முந்தல் செக்போஸ்ட் திறந்திருக்கிறது, மேலே பாறை விழுந்து கிடக்கிறது என்பதுபோல! வெளிப்பாதையையும் கண்காணிக்கும்படி தனியாகச் சொல்லிவைத்தால்தான் ரூட்டர் பொறுப்பை விட்டுக்கொடுக்கும். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போனாலோ, ஒரு மண்வெட்டி போதும், இரண்டும் போய்விடும்.

ஆகவே கடை, மருத்துவமனை, பள்ளி என்று எங்கே இரண்டு ரூட்டர் வைத்திருந்தாலும் பராமரிப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: “ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரை இப்போது அணைத்துக் காட்டுவீர்களா?” அவர் தயங்கினால், வேலை இல்லாத நாள் ஒன்றைக் குறித்து, அன்றைக்கே அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே வெளிக் கேபிளையும் ஒருமுறை பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.